வேஷம் என்று தள்ளுவதற்கு முன்

காதர்பேட்டை நடைபாதையில், ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்கள் குவியலாகக் கிடக்கும். அப்படியொரு குவியலில் வாங்கிய கறுப்பு டி-ஷர்ட்டை அணிந்து, நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தேநீர்க் கடையில் எங்களருகே நின்றார். நெஞ்சில், சிவப்பும் நீலமுமாக மின்னல் வெட்டிய ஒரு முகம். யாரென்று தெரியுமா எனக் கேட்டேன். "தெரியாதுங்ணா, துணி நல்லா இருந்துச்சு" என்றார். உடனிருந்த நண்பர், சிற்றிதழ்களை விடாமல் வாசிப்பவர், சிரித்தார். "இதைவிடச் சரியான விமர்சனம் கிடையாது. டேவிட் போவியிடம் துணியைத் தவிர வேறென்ன இருந்தது? எல்லாம் வேஷம்!"

இது நண்பரின் கருத்து மட்டுமன்று. டிலனைப் பற்றிப் பேசினால் காது கொடுக்கும் நம்மவர்கள், கிளாம் ராக் என்றதும் முகம் சுளிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மூன்று குற்றச்சாட்டுகள் வழக்கமாக வரும்: கதையில் கோவையில்லை, வேஷத்தைத் தவிர ஒன்றுமில்லை, அக்காலத்தில் இளைஞர்களாய் இருந்த ஆங்கிலேயரின் பழைய நினைவேக்கம் மட்டுமே அதை உயிரோடு வைத்திருக்கிறது. மூன்றையும் மறுக்கிறேன்.

முதலில் ஒரு தகவல். அந்த மின்னல் முகம் 1973இல் வந்த 'அலாடின் சேன்' தொகுப்பின் உறையிலிருந்து எடுக்கப்பட்டது. வழக்கு நடக்கவேண்டியது அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் வெளியான 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் அண்ட் தி ஸ்பைடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்' மீது. அதன் உறையில் மின்னல் இல்லை. லண்டனின் ஹெட்டன் தெருவில், கே. வெஸ்ட் என்ற மென்மயிர் ஆடை வணிகரின் பெயர்ப்பலகைக்குக் கீழே, வாசலில் குவிந்த அட்டைப்பெட்டிகளின் அருகே ஒரு சிறிய உருவம் நிற்கிறது, அவ்வளவுதான். சரக்கு அனுப்பி முடித்த இரவில் திருப்பூர்ச் சந்து ஒன்றில் எடுத்த படம் என்றால் நாம் நம்பிவிடுவோம்.

இனி முதல் குற்றச்சாட்டு. கதை கோவையாக இல்லை என்பது உண்மையே. பதினோரு பாடல்களில் ஒன்று ரான் டேவிஸ் எழுதிய வேற்றுப் பாடல். 'ஸ்டார்மேன்' தனி இசைத்தட்டு வேண்டுமென்று நிறுவனம் கேட்டதனால் கடைசியில் வந்து சேர்ந்தது. ஆனால் கோவை என்பது சம்பவத் தொடர்ச்சி மட்டும்தானா? உலகம் அழிய ஐந்தாண்டுகளே உள்ளன என்ற செய்தியோடு முதல் பாடல் தொடங்குகிறது. ஒரு பாடகன் எழுகிறான், தன் ரசிகர்களாலேயே தின்னப்பட்டு வீழ்கிறான். கடைசிப் பாடலில் குரல் திடீரெனக் கேட்பவனை நோக்கித் திரும்பி, தனியன் அல்லன் நீ எனக் கை நீட்டுகிறது. ஊழியின் அறிவிப்பில் தொடங்கி ஒற்றை மனிதனின் கையைப் பற்றுவதில் முடியும் இந்த 38 நிமிடப் பயணத்துக்குக் கோவையில்லை என்போர், இரவு முழுக்க ஒரேயொரு கிளைக்கதையை ஆடும் கூத்தையும் தள்ளிவிட வேண்டியதுதான்.

சிக்கல் நம் கேட்கும் பழக்கத்தில் இருக்கிறது. திரைப்பாடலைத் தனித்தனியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்து, ஒன்றோடொன்று உறவில்லாப் பன்னிரண்டு பாடல்களை ஒரே கேசட்டில் அடைத்தவர்கள். இளையராஜா 1986இல் தியாகராஜரையும் பாக்கையும் எதிரெதிரே உட்காரவைத்து 'ஹவ் டு நேம் இட்?' தந்தபோது, அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே படைப்பாகக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? தொகுப்பு ஒரு நூல். நாம் அதைத் துணுக்காக வாசித்துவிட்டு ஆசிரியரைக் குறை சொல்கிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் என்னைச் சினமூட்டுவது. வேஷம் மட்டும்தான்! அரிதாரமும் புஜக்கட்டையும் மகுடமும் அணிந்து விடியவிடிய ஆடும் கலையை மீட்டெடுக்கவேண்டும் எனக் கட்டுரை எழுதிய அதே கை இதை எழுதுகிறது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையின் படுகளக் காட்சியைக் கண்டவர்களுக்குத் தெரியும்: வீரனாக வேடமேற்றவன் களத்தில் விழுகிறான், சுற்றியிருப்போர் அழுகிறார்கள், பின்னர் அவன் எழுப்பப்படுகிறான். அங்கே வேஷம் பொய்யன்று. உண்மையைத் தாங்கும் பாத்திரம். போவி செய்ததும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் மேடையில், தன் குழுவினர் சிலருக்கே முன்கூட்டிச் சொல்லாமல், ஸிக்கிக்கு முடிவு கட்டினார். புகழின் உச்சத்தில் வேடத்தைக் களத்தில் கிடத்திவிட்டு நடந்துபோவது பாசாங்குக்காரனுக்குச் சாத்தியமா?

அந்நாள்களில் அவருக்காக ஜப்பானியர் கன்சாய் யமமோட்டோ வடிவமைத்த ஆடைகளில் புகழ்பெற்றது, ஒரு கையும் ஒரு காலும் இல்லாத பின்னலாடை. ஆம், பின்னலாடை! பின்னலாடையால் சோறுண்ணும் ஊரிலிருந்துகொண்டு, துணி வெறும் மேற்பூச்சு என்று சொல்ல நமக்கு நா கூசவேண்டும். மேலாடை அணியும் உரிமைக்காகத் தெற்கே பெண்கள் அடிபட்டு, 1859இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்ற வரலாறு நம்முடையது. எதை உடுத்தலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்த நாட்டில், உடை ஒருபோதும் மேற்பூச்சாக இருந்ததில்லை. உடையைத் துச்சமாகப் பேச முடிகிறவர், அதை யாரும் தம்மிடம் மறுத்திராதவர்.

மூன்றாவதான நினைவேக்கத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1972 ஜூலை 6 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'ஸ்டார்மேன்' பாடும்போது, கிட்டார் கலைஞர் மிக் ரான்சனின் தோளில் போவி கைபோட்டார். இங்கிலாந்தில் தன்பால் உறவு குற்றமல்ல என்றாகி ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன, அதுவும் நிபந்தனைகளோடு. வீட்டுக் கூடத்தில் தந்தையோடு அமர்ந்து அதைக் கண்ட பிள்ளைகளில் பலர், தமக்கு விதிக்கப்பட்ட உருவம் ஒன்றே வழியன்று என்பதை அறிந்தார்கள். அந்த அறிதலுக்கு ஆண்டும் ஊரும் கிடையாது. தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் புதுச்சட்டையோடு வேறொருவராக நடந்துபார்க்கும் நல்லூர் இளைஞர்களுக்கு அதைப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. போவி 2016 ஜனவரியில் இறந்தார்; அவர் பாடிய ஐந்தாண்டுக் கெடுவோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. நினைவேக்கம் இத்தனை காலம் சுமக்காது. தேவை சுமக்கும்.

நண்பருக்கு இறுதியாக ஒன்று. அந்த இளைஞர் துணி நன்றாக இருந்ததாகச் சொன்னார். ஒரு நாளில் எத்தனையோ பீஸ்களைப் புரட்டிப் பழுது பார்க்கிற விரல்களின் தீர்ப்பு அது. தொட்டுப் பார்த்துச் சொன்னது. தாங்கள் சொன்னது தொடாமலே சொன்னது. 38 நிமிடம் ஒதுக்கி, வரிசை மாற்றாமல், முதல் பாடலிலிருந்து கேளுங்கள். பிறகு சண்டைக்கு வாருங்கள். அதே தேநீர்க் கடையில் காத்திருப்பேன்.