மரத்தூளும் மனிதனின் மூச்சும்



2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாளை நம் பகுதி மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கழிந்த மறுநாள் அது. அன்று பிற்பகல் வர்தா புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று, சாலையோர மரங்களை வேரோடு சாய்த்தது. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் சோலையும், வண்டலூர் உயிரியல் பூங்காவும் இழந்த மரங்கள் ஏராளம். அதன்பின் பல நாள்கள், வைகறை முதல் அந்தி வரை தெருத்தெருவாகக் கேட்டது மரம் அறுக்கும் மிஷின் ரம்பத்தின் ஓசையே.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வட்டிக்குக் கடன்பட்டு அத்தகைய ரம்பம் ஒன்றை வாங்கியிருந்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் கடனை அடைத்துவிடலாம் என்று ஓய்வின்றி உழைத்தார். பத்து நாள்கள் ஓடிய மிஷின், ஆலய வளாகத்தில் விழுந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுக்கையில் கரும்புகை கக்கித் திணறி நின்றுவிட்டது. "மிஷினே சரியில்லை சாமி, நான் ஏமாந்துபோனேன்" என்று கண்கலங்கினார். நெடுங்காலமாகப் பட்டறை நடத்திவரும் பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன்.

பெரியவர் மேல்மூடியைக் கழற்றினார். காற்றை வடிகட்டும் ஏர் பில்டர் முழுவதும் மாவு பிசைந்து அப்பியது போல் மரத்தூள் படிந்திருந்தது.

"இதை எப்படிச் சுத்தம் செய்தாய், தம்பி?"

"ஒருமுறை கம்பிப் பிரஷால் தேய்த்தேன், ஐயா."

அவர் அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசிமுனை அளவில் இரண்டு துளைகள் தெரிந்தன. பின்னர் மிஷினில் ஒட்டியிருந்த தூளை விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூரான சங்கிலி மரத்தை அவல் போலச் சீவித் தள்ளும். மழுங்கிய சங்கிலிதான் இப்படி மாவாக அரைக்கும். பில்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லைப் பார்த்திருக்க வேண்டும், தம்பி."

அவர் கூறியதன் பொருளைச் சற்றே விளக்குவோம். இத்தகைய ரம்பத்தின் எஞ்சினில் எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிகிறது. அந்த எண்ணெயின் ஆவி சிறிது பில்டரிலும் படிவதால், நுண்ணிய தூள் அதில் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. அடைப்பு மிகுந்தால் காற்று குறையும், பெட்ரோல் முழுமையாக எரியாமல் கரும்புகை எழும், பிளக்கில் கரி படியும், இழுவை தளரும். பில்டர் கிழிந்தாலோ, சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ தீமை இன்னும் பெரிது. தூளும் மணலும் உள்ளே புகுந்து பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். அந்த இளைஞரின் மிஷினில் அதுவே நேர்ந்திருந்தது.

சங்கிலி மழுங்கியதற்குக் காரணம் என்ன? சாய்ந்த மரத்தின் வேரடியில் மண்ணும் கல்லும் பற்றியிருந்தன. சாலையோர மரங்களிலோ விளம்பரப் பலகைகளுக்காக நம்மவர் அடித்த ஆணிகள் புதைந்திருந்தன. ஒரே ஓர் ஆணி போதும், சங்கிலியின் பற்கள் கெட்டுப்போக.

ஆகவே இத்தொழில் செய்வோர் கைக்கொள்ள வேண்டியவை சில. தூள் மாவாக விழத் தொடங்கியதுமே, மிஷினை அழுத்திப் பிடித்து அறுக்காமல், நிறுத்தி உருண்டை அரத்தால் பற்களைத் தீட்ட வேண்டும். அன்றாடம் வேலை முடிந்ததும் மிஷின் ஆறிய பின் பில்டரைப் பார்க்க வேண்டும். கழற்றுமுன் சோக்கை மூடி, சுற்றியுள்ள தூளை மென்மையான பிரஷால் அகற்றினால், தூள் கார்புரேட்டருக்குள் விழாது. நைலான் வலையாலான பில்டரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். காகிதத்தாலானதை நனைக்காமல் மெல்லத் தட்டித் தூய்மை செய்து, அடைப்பு நீங்காவிடில் மாற்றிவிட வேண்டும். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. பெட்ரோலில் கழுவுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். துளை விழுந்த பில்டருக்கு மருந்து இல்லை; புதிது வாங்குவதே வழி.

பெரியவர் வேலையை முடித்துவிட்டு, இருமிக்கொண்டிருந்த இளைஞரை நிமிர்ந்து பார்த்தார். "மிஷினுக்குக் கம்பெனிக்காரன் பில்டர் வைத்துக் கொடுத்தான். உன் மூக்குக்கு யார் வைத்தார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பத்து நாள்களாக அதே தூளை அவரும் சுவாசித்திருக்கிறார் அல்லவா? நம் வளாகத்தில்தானே அறுத்தார்? கூலியில் நூறு ரூபாய் குறைத்துப் பேசிய நான், முகக்கவசம் அணிந்திருக்கிறாரா என்று பார்க்கவில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்பதில்லை. என்-95 போன்ற கவசமும் கண்ணாடியும் தேவை. அவற்றின் விலை, ஒருநாள் கூலியோடு ஒப்பிட்டால் அற்பமே.

சகோதரனின் கண்ணிலுள்ள துரும்பையும் தன் கண்ணிலுள்ள மரக்கட்டையையும் பற்றி ஆண்டவர் பேசியதை நாம் அறிவோம். தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர் அல்லவா அவர்! இளைஞர் மிஷினைக் குறை கூறினார். நான் அவருடைய கவனக்குறைவை மனத்துக்குள் குறை கூறினேன். இருவருமே நம்மிடமுள்ளதைப் பார்க்கவில்லை. இரவில் ஆன்ம சோதனை செய்யும் வேளையில், அன்றைய தூளை அன்றே தட்டிவிட்டோமா என்று மட்டும் கேட்பது போதாது. தூள் எங்கிருந்து வருகிறது, எந்தப் பல் மழுங்கியது என்றும் கேட்போம்.

அவருடைய கடன் கிறிஸ்து பிறப்புக்குள் அடையவில்லை. அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்னரே அடைந்தது. இன்று அவர் கவசமின்றி மிஷினைத் தொடுவதில்லை. உங்கள் வீட்டில் மரம் அறுக்க யாரேனும் வந்தால், கூலி பேசுமுன் அவருடைய முகத்தைப் பாருங்கள். கவசம் இல்லையேல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அவ்வறமும் இறைவனின் கணக்கில் ஏறும்.