கணக்குக்கு முன்னே ஜப்தி

இங்கிலாந்தில் வீடுகளுக்கான உள்ளாட்சி வரியான கவுன்சில் வரியில் ஏழைகளுக்குத் தரும் சலுகையை 2013 ஏப்ரலில் அரசு உள்ளாட்சிகளின் தலையில் கட்டியது. அதற்கான நிதியிலும் 10 சதவீதத்தை வெட்டியது. ஓய்வூதிய வயதினருக்கு நாடு முழுவதும் ஒரே விதி. உழைக்கும் வயது ஏழைகளுக்கோ ஊருக்கு ஊர் வேறு கணக்கு. சம்பளம் ஏறி இறங்குகிறவருக்கு யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை மாறும்போது பல இடங்களில் சலுகையும் மாறி, புதிய வரிச்சீட்டு வந்து விழுகிறது. எந்தச் சீட்டு சரி என்று குழம்பித் தவணை தவறி, நினைவூட்டலுக்கும் கட்டாமல் போனால் ஆண்டின் மீதி மொத்தமும் கேட்கப்படும். பிறகு நீதிமன்ற ஆணை, வாசலில் ஜப்தி ஆட்கள். கணக்கே தப்பு என்று எழுதினால் மட்டும் பதில் சொல்ல கவுன்சிலுக்கு 2 மாத அவகாசம். தீர்ப்பாயம் அதற்குப் பிறகுதான்.

கையில் பணமில்லை என்கின்றன கவுன்சில்கள். உண்மைதான், அந்த நெருக்கடி மத்திய அரசு உண்டாக்கியது. ஆனால் பற்றாக்குறை எதையும் நியாயமாக்கிவிடாது. இந்தச் சலுகையைக் குறைப்பது பற்றி, மாற்று வழிகளைச் சொல்லாமலே மக்களிடம் கருத்துக் கேட்ட லண்டனின் ஹாரிங்கே கவுன்சிலின் நடைமுறை சட்டவிரோதம் என்று 2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதத்தில் கணக்கை வரிவரியாகக் காட்டுவதற்கும், முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைப்பதற்கும் கருவூலம் தேவையில்லை. வறுமையில் வாடுகிறவருக்கு வரியை முழுவதுமே தள்ளுபடி செய்யும் அதிகாரம்கூட கவுன்சிலிடம் இருக்கிறது. அதை முதல் கடிதத்திலேயே சொல்ல வேண்டும்.