ஆயில் எங்கே போச்சு?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு என்ன பெருமை என்று கேட்டால், சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, விராலிமலை மயில் என்று மூன்று விரல் மடக்குவார்கள். நான் நாலாவதையும் மடக்குவேன். ஸ்டீயரிங்! விராலிமலைக்குப் பக்கத்தில் பூதக்குடியில் ரானே குழுமத்தின் ஸ்டீயரிங் தொழிற்சாலை இருக்கிறது. மயில் பார்க்கப் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

'நமக்கென்ன சார், நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற ஆசாமி' என்கிறீர்களா? அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்பதை அந்த வட்டம்தானே தீர்மானிக்கிறது!

அந்தக் காலத்து லாரி டிரைவர்களுக்குத் தோள் பயில்வான் மாதிரி இருக்கும். உடற்பயிற்சி ஒன்றும் இல்லை, லோடு வண்டியை ஒடித்துத் திருப்பித் திருப்பி வந்த வரம். இந்தக் கஷ்டத்தைப் பார்த்த அமெரிக்கர் ஃபிரான்சிஸ் டேவிஸ், பியர்ஸ் ஆரோ கம்பெனியின் டிரக் பிரிவில் இருந்தவர், 1926-லேயே பவர் ஸ்டீயரிங் செய்து ஓட்டிக் காட்டினார். கார் கம்பெனிகள் 'விலை ஜாஸ்தி' என்று உதட்டைப் பிதுக்கின. விற்பனைக்கு வந்த காரில் அது ஏற 1951 ஆயிற்று.

விஷயம் சுலபம். இஞ்சின் ஒரு பம்ப்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்பும். டிரைவர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பார்த்து, உள்ளே ஒரு வால்வு அந்தப் பக்கம் ஆயிலைத் திறந்துவிடும். பிஸ்டன் தள்ளும். நம் ஆபீஸ் ஏற்பாடுதான்! மேனேஜர் கையெழுத்துப் போடுவார், ஃபைலைத் தள்ளுவது நாம். மேனேஜர் என்னவோ தானே தள்ளியதாக நினைத்துக்கொள்வார்.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். 'ஸ்டீயரிங் கனமா இருக்கு, கொஞ்சம் ஆயில் ஊத்துங்கண்ணே' என்று யாராவது வந்தால் உடனே ஊற்ற மாட்டார். ஒரே கேள்வி கேட்பார்.

"பழைய ஆயில் எங்கே போச்சு தம்பி?"

"தெரியலைண்ணே. போன வாரம்தான் ஊத்துனேன்."

"வெயில்ல காய்ஞ்சு போச்சா? இது பெட்ரோல் மாதிரி எரியற சாமான் இல்லப்பா. குறையுதுன்னா எங்கேயோ ஒழுகுது."

அப்புறம் ஓஸ், பம்ப் சீல், ஸ்டீயரிங் பாக்ஸ் சீல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கையால் தடவ மாட்டார், ஓர் அட்டையைக் காட்டுவார். உள்ளே இருக்கும் அழுத்தம் லாரி டயரின் காற்றழுத்தத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போகும். ஊசிமுனை ஓட்டையில் பீறிடும் ஆயில் தோலையே துளைத்துவிடும்.

"ஆயில் இல்லாம ஓட்டினா என்ன ஆகும்ணே?" என்றேன்.

"பம்ப்புக்கு அந்த ஆயில்தான் சார் சோறும் தண்ணியும். வறண்டா பிடிச்சுக்கும்."

அவருடைய மற்ற சட்டங்கள்: கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு கூடாது. பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். குவாரி, கிரஷர் பக்கம் ஓடுகிற வண்டியென்றால், டாங்க் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரு சிட்டிகை கல்தூசி போதும், வால்வைக் கீறிவிடும். ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். ஆயில் டீ மாதிரி நுரைத்து, பம்ப் 'ஊய்ங்' என்று அழுதால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாகத் திருப்பி, குறையக் குறைய ஆயில் விட்டு, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். முழுசாக ஒடித்த நிலையில் பிடித்துக்கொண்டே நிற்கவும் கூடாது. ஆயில் கொதித்துப் போகும்.

கடைசி சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

"டீசல் மிச்சம்னு இறக்கத்துல இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உருட்டறானுங்க சார். இஞ்சின் நின்னா பம்ப் நின்னுச்சு. பிரேக்குக்குக் காத்தும் ஏறாது. ஸ்டீயரிங் திரும்பும், ஆனா இரும்பா கனக்கும். லேசா ஓட்டிப் பழகின கைக்கு அந்த நேரத்துல பலம் எங்கேர்ந்து வரும்?"

பவர் ஸ்டீயரிங் பண்ணுகிற உபகாரத்திலேயே ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. கனத்தைத் தான் வாங்கிக்கொண்டு, கோளாறையும் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். கை சொல்லாததைக் கண்தான் பார்க்க வேண்டும். தினமும் கிளம்புமுன் டாங்க்கில் அளவு, வண்டிக்கு அடியில் தரை. இரண்டே நிமிஷம்.

ஆகவே, ஸ்டீயரிங் வேலைக்காக உங்கள் பஸ் ஒருநாள் டிப்போவை விட்டுத் தாமதமாகக் கிளம்பினால், டிரைவரைத் திட்டாதீர்கள். ஆபீசில் ஒரு மெமோ கிடைக்கும், அவ்வளவுதானே? வாங்கிக்கொள்ளுங்கள். வளைவில் வண்டி திரும்பாவிட்டால், மெமோ வாங்க ஆள் இருக்காது!