ஓட்டுப் போட டிக்கெட் எடுக்கணுமாம்!

வெளிநாட்டில் இருக்கிற இந்தியனுக்கும் ஓட்டுரிமை உண்டு. யார் இல்லை என்றார்கள்? 2010-லேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். படிவம் 6ஏ-வை நிரப்பினால், பாஸ்போர்ட்டில் இருக்கும் விலாசம் எந்தத் தொகுதியோ அங்கே பெயர் ஏறிவிடும். அவ்வளவுதான். ஓட்டுப்பதிவு அன்று அசல் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஊரில் உள்ள சாவடிக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும்.

வளைகுடாவில் கம்பி கட்டுகிறவன் எப்படிப் போவான்? 2024-ல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 என்று தேதி வைத்தார்கள். இங்கே ரம்ஜான் லீவு முடிந்து ஆட்கள் அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். மறுபடியும் லீவு என்று போய் நின்றால் ஃபோர்மேன் என்ன பேசுவார் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் தேர்தலில் பதிவு செய்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து போட்டவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளாக்காரர்கள். மலையாளிகள் சங்கம் வைத்துத் தனி விமானமே பிடித்துப் போகிறார்கள், கெட்டிக்காரர்கள். மிச்ச இந்தியா முழுவதற்கும் சேர்த்து 288 பேர்!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தூதரகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தபால் ஓட்டு உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஓட்டு, இந்தப் பக்கம் நின்றால் டிக்கெட். பதிலாள் வைத்துப் போடலாம் என்று 2018-ல் மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியாகிவிட்டது. மின்னணு முறையில் தபால் ஓட்டு தரலாம் என்று 2020-ல் தேர்தல் ஆணையமே எழுதிக் கேட்டது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு 2004-லிருந்தே வெளிநாட்டில் ஓட்டு. 2025-ல் போனிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

ஓட்டு இல்லாதவனுக்கு மரியாதை எங்கே இருக்கும்? பாஸ்போர்ட் புதுப்பித்த ரசீதைப் பாருங்கள், இந்தியச் சமூக நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருப்பார்கள். கஷ்டத்தில் மாட்டியவனுக்கு உதவவும், கதியற்றவன் செத்தால் உடலை ஊருக்கு அனுப்பவும் உள்ள பணம் அது. ஆனால் கேம்ப்பில் ஒருத்தன் செத்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? ரூம் ரூமாகப் போய் வசூல் பண்ணுகிறோம். இப்படி ஒரு நிதி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவன் போனாலும் இறப்புச் சான்று, போலீஸ் கடிதம், கம்பெனிக் கடிதம் என்று அலைய வேண்டும். கம்பெனிக்காரன் கடிதம் தராமல் இழுத்தடித்தால், ஊரில் பெற்றவள் எம்எல்ஏ வீட்டு வாசலில் நிற்பாள். செத்தவன் ஓட்டும் இல்லை, சொல்லி அனுப்பியவன் ஓட்டும் இல்லை. அவர் எதற்கு அவசரப்படப் போகிறார்?

2024-ல் மட்டும் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பியது ஏறக்குறைய 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குச் சொல்கிறது. அந்தப் பணத்தை வாங்க யாரும் எங்களை நேரில் வரச் சொல்லவில்லை. தூதரகத்தில் ஓட்டுப் பெட்டி வைக்க இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. வருஷா வருஷம் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றி, எங்களை வரிசையில் நிறுத்தி லட்டு கொடுப்பது அங்கேதானே?