கிரியேட்டின்: உடம்புக்குள்ளே ஒரு கைமாத்து

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இப்ப ஜிம்முக்குப் பஞ்சமே இல்லை. ஜிம் இருக்கிற இடத்தில் பவுடர் டப்பாவும் இருக்கும். டப்பா வந்த வீட்டில் ரெண்டு கட்சி. "இது இல்லாம பாடி ஏறாது" என்பான் பையன். "அது ஸ்டீராய்டுடா, கிட்னி போயிடும்" என்பார் அப்பா. நான் மூணாவது கட்சி. ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லை. அந்த டப்பாவைப் பத்தி அவங்களைவிட அதிகமா யோசிக்க வேண்டியவங்க வீட்டில் இருக்கிற அறுபது வயசு அம்மாவும் அத்தையும்தான்.

முதலில் மேட்டர் என்னன்னு பார்ப்போம். கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை, ஹார்மோனும் இல்லை. மூணு அமினோ அமிலங்களை வச்சு நம்ம சிறுநீரகமும் கல்லீரலும் தினமும் சுமார் 1 கிராம் தயாரிக்கிற சரக்கு. 70 கிலோ ஆள் உடம்பில் ஏறக்குறைய 120 கிராம் இருக்கும். அதில் 95 சதவீதம் தசையில்.

அது என்ன வேலை செய்யுது? நம்ம ஊர் பாஷையிலேயே சொல்றேன். செல்லுக்கு ஆற்றல் தர்ற ஏ.டி.பி.யை அடுப்படி அரிசிப் பானைன்னு வச்சுக்குங்க. இருப்பு ரொம்பக் கம்மி. முழு மூச்சா வேலை செஞ்சா ரெண்டு மூணு வினாடிதான் தாங்கும். சர்க்கரையும் கொழுப்பும் பத்தாயத்து நெல். நிறைய இருக்கு, ஆனா அவிச்சு, காயவச்சு, மில்லுக்குப் போய் வரணும். அதுக்குள்ள உலை கொதிச்சிடுமே! பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாத்து வாங்குவோம் இல்லையா, அதுதான் பாஸ்போகிரியேட்டின். தன்கிட்ட இருக்கிற பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை உடனே புதுப்பிக்கும். இதுவும் சுமார் பத்து வினாடிக்குத்தான். அப்புறம் ஓய்வு நேரத்தில் கடன் அடைஞ்சிடும். நெல் மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏத்துற அந்த ஒரு தம் இருக்கே, அது பெரும்பாலும் இந்தக் கைமாத்துதான்.

இதைக் கண்டுபிடிச்சவர்களில் ஒருத்தர் நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிச்சவர். பேரு எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தி பேச்சைக் கேட்டு கதர் அங்கி போட்டதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். போய் எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைச்சது. 1922ல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவோடு சேர்ந்து 1927ல் பாஸ்போகிரியேட்டினையும், 1929ல் ஏ.டி.பி.யையும் கண்டுபிடிச்சார். (ஏ.டி.பி.யை அதே 1929ல் ஜெர்மனியில் லோமானும் தனியாகக் கண்டுபிடிச்சார்.) அதுவரைக்கும் தசையை இயக்குவது லாக்டிக் அமிலம்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. டப்பா வாங்குற நம்ம பையன்களில் எத்தனை பேருக்கு இவர் பேர் தெரியும்?

சரி, சாப்பாட்டில் இது கிடைக்குமா? ஒரு கிலோ பச்சைக் கறியிலோ மீனிலோ ஏறக்குறைய 3 முதல் 5 கிராம் இருக்கும். நம்ம ஆத்து விரால், கெண்டையும் இந்தக் கணக்குதான். வயல் நண்டு, நத்தையில் வேற சமாச்சாரம். அதுங்க தசை கிரியேட்டினுக்குப் பதிலா அர்ஜினின் பாஸ்பேட்டை வச்சு ஓடுது. பாலில் கொஞ்சூண்டு. சோறு, பருப்பு, காய்கறியில் அநேகமா பூஜ்ஜியம். அதனால சைவக்காரங்க தசையில் கிரியேட்டின் இருப்பு கொஞ்சம் குறைவு. பயப்பட ஒண்ணுமில்லை, உடம்பு தானே தயாரிச்சுக்கும்.

இப்ப அத்தை கதைக்கு வருவோம். நாத்துப் பறிச்சு, குனிஞ்சு நட்ட வேலையில் பாதியை இன்னைக்கு பல ஊரில் மெஷின் செய்யுது. மெஷினைத் திட்ட மாட்டேன், அந்த இடுப்பு வலி பட்டவங்களுக்குத்தான் தெரியும். ஆனா வேலை குறைஞ்ச அளவுக்கு தட்டில் சோறு குறையலை. வயசும் சேர்ந்துக்கிட்டு தசை கரையுது. தரையில் உட்கார்ந்தா கையூன்றாம எழ முடியலை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சா அதோட படுக்கைதான். இதை "வயசாச்சு" என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுறோம் பாருங்க, அங்கேதான் எனக்கு ஆத்திரம்.

வயசானவங்க தசைக்குப் பயிற்சி கொடுத்து, கூட தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டினும் எடுத்தா, வெறும் பயிற்சியைவிடக் கொஞ்சம் கூடுதலா தசையும் பலமும் சேருதுன்னு ஆய்வுகள் சொல்லுது. "கொஞ்சம்" என்பதை அடிக்கோடு போட்டுக்குங்க. பயிற்சி இல்லாம பவுடர் மட்டும் தின்னா பெருசா பலன் இல்லை. கைமாத்து வாங்கின அரிசியை உலையில் போட்டாத்தானே சோறு!

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். முதலில் தினம் நாற்காலியில் பத்து தடவை உட்கார்ந்து எழட்டும். அடுத்தது முட்டை, மீன், பருப்பு, தயிர். அம்மாவுக்குக் கடைசித் துண்டு மீன் என்ற வழக்கத்தை முதலில் நிறுத்துங்க. கிரியேட்டின் டப்பா மூணாவதுதான்.

கிட்னி பயத்துக்கு வருவோம். ஆரோக்கியமான ஆளுக்கு இந்த அளவு சிறுநீரகத்தைக் கெடுத்ததா ஆய்வுகளில் தெரியலை. ஆனா கிரியேட்டின் சிதைஞ்சா வர்றது கிரியேட்டினின். அதனால ரத்தப் பரிசோதனையில் அந்த எண் லேசா ஏறலாம். பவுடர் எடுக்கிறதை டாக்டரிடம் மறைக்காதீங்க. சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காம டப்பாவைத் தொடவே வேண்டாம்.

அப்பாக்களே, பையனைத் திட்டறதை விடுங்க. பையன்களே, ஜிம்மில் கத்துக்கிட்டதில் பாதியையாவது வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பவுடர் வியாபாரியும் இல்லை. மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்தில் வந்து கும்முங்க :-)