கீழ்ப்பாக்கம் என்றால் சிரிப்பா?

வகுப்பில் யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் போதும், "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். சினிமா காமெடியிலும் பல வருடங்களாக இதே கதைதான். ஆனால் அந்தக் கீழ்ப்பாக்கத்தை மாற்றப் பாடுபட்ட ஒரு பெண்மணியின் பெயர் சிரிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்டர் சாரதா மேனன். 1923-ல் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் மனநல மருத்துவம் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1961-ல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். 1978-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

மனநோய் என்றாலே பூட்டிவைப்பதுதான் வழி என்று ஊரே நம்பிய காலம் அது. அவர் காலத்தில் அங்கே வெளிநோயாளிகள் பிரிவு வந்தது. காய்ச்சலுக்குப் போவதுபோல் மனநோய்க்கும் போய் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்! நோயாளிகள் கைத்தொழில் செய்ய ஒரு மையமும் வந்தது. வேலை செய்யத் தெரிந்தவனை 'பைத்தியம்' என்று ஒதுக்குவது அத்தனை சுலபமில்லையே.

குணமானவர் எங்கே போவார்? யார் சேர்த்துக்கொள்வார்கள்? இந்தக் கேள்வி ஓய்வுக்குப் பிறகும் அவரை விடவில்லை. 1984-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மனச்சிதைவு நோயாளிகளின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் 'ஸ்கார்ஃப்' அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பர் 5 அன்று, 98-வது வயதில் காலமானார்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியின்றிக் கருகிப்போனார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர் சொந்தக் குடும்பத்தினர். பாசம் இல்லாமல் அல்ல. வேறு வழி தெரியாமல், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தால்.

அந்தப் பயத்துக்குத் தீனி போடுவதே வகுப்பறைச் சிரிப்புதான். தூக்கம் வராமல், காதில் ஏதேதோ குரல்கள் கேட்டுத் தவிக்கும் ஒரு மாணவன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் அவன் வாயைத் திறப்பானா?

சாரதா மேனனுக்குச் சிலை வேண்டாம். அடுத்த முறை 'கீழ்ப்பாக்கம்' ஜோக் வரும்போது ஒருவர் சிரிக்காமல் இருந்தால் போதும். அவருக்கு அதுவே நல்ல அஞ்சலி.