முப்பது உயிரும் ஒரு வாத்தும்

வீட்டில் டி.வி. கேம் வைத்திருப்பவன்தான் தெருவுக்கே ராஜா என்று ஒரு காலம் இருந்தது. கிரிக்கெட்டில் அவன் முதல் பந்திலேயே போல்டானால், எல்லாருமாகச் சேர்ந்து 'நோ பால்' கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போக வேண்டாமா?

அந்த மெஷினுக்குப் பூர்வீகம் ஜப்பான். 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த நின்டெண்டோ கம்பெனி, 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் நாம் பேரம் பேசி வாங்கியவை பெரும்பாலும் அதன் நகல்கள். கேசட் மேல் '99,99,999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே சில டஜன் தேறினால் அதிகம். மீதியெல்லாம் அதே மரியோ, வேறு நம்பரில். கட்சி மாநாட்டுக்கு வந்த கூட்டத்தைச் சொல்கிற கணக்குதான்.

*

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தது 1985-ல். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட். இன்று காலை உங்கள் சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பிய 'குட் மார்னிங்' ரோஜாப்பூ இதைவிடப் பெரிது. 8 உலகம், 32 ஸ்டேஜ், ஆமை, காளான், இளவரசி, கோஜி கொண்டோவின் இசை... அத்தனையும் அந்த 40-க்குள் எப்படி அடங்கியது?

சிக்கனம்தான். வானத்து மேகத்தையும் தரையில் இருக்கிற புதரையும் உற்றுப் பாருங்கள். ரெண்டும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை. அண்ணன் சட்டைக்குச் சாயம் போட்டுத் தம்பிக்குக் கொடுக்கிற மாதிரி.

மரியோ குதிக்கும்போது கூர்ந்து கேட்டால், பின்னணி இசையில் ஒரு இழை அந்தக் கணம் காணாமல் போவது தெரியும். அந்த மெஷினில் சத்தத்துக்கென்று இருந்தது ஐந்தே தடங்கள். குதிக்கிற சத்தம் வரவேண்டுமென்றால், இசை ஒரு தடத்தைக் காலி செய்து இடம் விட வேண்டும். டவுன் பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்' என்பது போல.

மீசையும் சிக்கனம்தான். 1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக ஷிகேரு மியாமோட்டோ இந்த ஆளை உருவாக்கியபோது, எண்ணி எடுத்த புள்ளிகளுக்குள் வரைய வேண்டியிருந்தது. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். தலைமுடி சிரமம், தொப்பி போட்டார். மீசை வைக்க இதைவிட அற்பக் காரணங்கள் நம் ஊரில் உண்டு.

*

மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ.

இதைப் படித்ததும் உங்கள் கட்டைவிரல் லேசாக அசைந்ததென்றால் நீங்கள் 'கான்ட்ரா' ஆடியவர். அழுத்தினால் 30 உயிர். இந்த மந்திரத்தின் கர்த்தா, கொனாமி கம்பெனியைச் சேர்ந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 'கிரேடியஸ்' என்ற விண்வெளிச் சண்டையை 1986-ல் வீட்டு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதிக்க உட்கார்ந்தால், தான் செய்த விளையாட்டைத் தன்னாலேயே ஜெயிக்க முடியவில்லை. தன் சௌகரியத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அதே குறுக்குவழி 1988-ல் கான்ட்ராவுக்கும் வந்தது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். ஊருக்கெல்லாம் முப்பது கொடுத்தவருக்கு ஒன்றுதான் இருந்தது.

முப்பது இருந்தாலும் கான்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜில் சண்டை வரும். எதிரியோடு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு. அது அருவி ஸ்டேஜ். ரெண்டு பேரும் பாறை பாறையாக மேலே ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டுத் தாவினால் திரை மேலே நகரும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். 'டேய், இருடா, நானும் வர்றேன்!' என்ற அலறல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

இன்னொரு சமாசாரம். தன் உயிரெல்லாம் தீர்ந்துபோனவன், கூட்டாளி கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஆடலாம். கேட்காமல் எடுத்தான் என்று ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகள் உண்டு.

இப்போது ஆபீஸ்களில் 'டீம் வொர்க்' சொல்லிக்கொடுக்க ஓட்டலில் ஹால் எடுத்து, பஃபே போட்டு, ரெண்டு நாள் வகுப்பு நடத்துகிறார்கள். வீண் செலவு. அருவி ஸ்டேஜை ஆட விடுங்கள். யாரை மானேஜர் ஆக்கக்கூடாது என்பது ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

*

வாத்து தப்பித்தால் புல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து சிரிக்குமே ஒரு நாய், ஞாபகம் இருக்கிறதா? 'டக் ஹன்ட்', 1984. அதன் பிளாஸ்டிக் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. வெளிச்சம் உள்ளே வருகிறது. ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். துப்பாக்கிக்குள் இருக்கும் சின்ன சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. எல்லாம் கண் இமைப்பதற்குள்.

பழைய பிக்சர் ட்யூப் டி.வி. அந்தக் கட்டத்தை உடனே காட்டிவிடும். இன்றைய தட்டை டி.வி., வருகிற படத்தை வாங்கிப் பதப்படுத்திச் சற்றே தாமதமாகக் காட்டும். அதற்குள் 'குறி தவறியது' என்று கேம் தீர்ப்பு எழுதிவிடும். பரணிலிருந்து துப்பாக்கியைத் தேடி எடுத்து 55 இஞ்ச் டி.வி. முன்னால் நின்று பாருங்கள். கடைசி வரை நாய்தான் சிரிக்கும். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அந்தக் குண்டு டி.வி.யைத் தள்ளிவிட்டோமே, அதோடு வாத்து வேட்டையும் போயிற்று.

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. மரியோவுக்கு ஆபத்தில்லை, அவர் பெரிய இடம். மற்றதையும் யாராவது தேடிச் சேர்த்துவைப்பார்கள். 40 கிலோபைட்டைக் காப்பாற்றுவது பெரிய விஷயமில்லை. பாயில் பக்கத்தில் உட்கார்ந்து 'இருடா' என்று கத்தியவனைத்தான் எந்த மியூசியத்திலும் வைக்க முடியாது.

கடைசியாக, நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு ரகசியம். டக் ஹன்ட்டில் ஒற்றை வாத்து மட்டும் பறக்கிற ஆட்டம் ஒன்று உண்டல்லவா? அதில் ஒருவர் துப்பாக்கியால் சுடும்போது, இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கால் வாத்தைத் திருப்பி ஓட்டலாம். 'நீ சும்மா பாருடா' என்று ஓரமாக உட்காரவைத்த தம்பியும் அன்றைக்கு ஆடியிருக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டு இதைச் சொல்லுங்கள்.

"அதான் கான்ட்ராவுல உன் உயிரை எடுத்தேன்" என்பான்.